எக்ஸ்க்விசிட்லி: எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது

போன ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் ஒரு பட்டுக் கடைக்கு 40 சேலைகளுக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். சேலைக்கு நான்கு வரி. காஞ்சிபுரத்தில் பதினோரு வருடமாக இதுதான் என் வேலை. அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். அனுப்பிய மறுநாள் முதலாளியின் மகன் ஃபோன் செய்தார்.

"அக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த எக்ஸ்க்விசிட்லியைக் காணோமே? மத்த கடையில எல்லாம் போடுறாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு போட்டுடுங்க."

போட்டேனா இல்லையா என்பதை அப்புறம் சொல்கிறேன். ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதுகிறவர்கள், கோயில் கையேடு எழுதுகிறவர்கள், கைவினைப் பொருள் விற்கிறவர்கள் எல்லாரும் உப்பு மாதிரி அள்ளிப் போடுகிற சொல் இது. உப்பு மாதிரியே அளவு தப்பினால் மொத்தமும் போச்சு. அதனால் இந்த ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எழுத்துக்கூட்டல். இ, எக்ஸ், க்யூ, யூ, ஐ, எஸ், ஐ, டி, இ, எல், ஒய். மொத்தம் 11 எழுத்து. நம் ஊரில் தவறு நடக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: டி-க்கும் எல்-லுக்கும் நடுவில் உள்ள இ. காதில் விழாத எழுத்து என்பதால் கையிலும் விழாமல் போய்விடுகிறது. உச்சரிக்கும்போது நடுவில் வரும் எஸ், 'சிலை'யின் சி போல ஒலிக்காது. வண்டு ரீங்கரிக்கிற ஒலி. அழுத்தத்தை முதல் அசையிலும் கொடுக்கலாம், இரண்டாம் அசையிலும் கொடுக்கலாம். முதல் அசை பழைய பழக்கம். இன்று இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன. உங்களைத் திருத்த வருகிறவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி பொருள். அகராதியில் 'மிக அழகாக, மிக நுட்பமாக' என்று இருக்கும். தப்பில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'மிக அழகாக' என்பதற்கு ஆங்கிலத்தில் இருபது சொல் இருக்கிறதே, இது எதற்கு? அதற்குப் பதில் சொல்லின் பிறப்பில் இருக்கிறது.

லத்தீனில் 'குவேரெரெ' என்றால் தேடு. முன்னால் 'எக்ஸ்' சேர்ந்தால் வெளியே என்ற பொருள் கூடும். இரண்டும் சேர்ந்து 'எக்ஸ்க்விரெரெ': தேடித் துழாவி வெளியே எடு. அப்படி எடுக்கப்பட்டது 'எக்ஸ்க்விசிதுஸ்'. அதுதான் ஆங்கிலத்தில் எக்ஸ்க்விசிட் ஆனது; அதன் வினையடை நம் எக்ஸ்க்விசிட்லி. கொஸ்டின், க்வெஸ்ட், என்கொயரி, ரிக்வயர், அக்வயர் எல்லாம் இதே தேடலில் பிறந்த உடன்பிறப்புகள். நாட்டைப் பிடிக்கிற கான்கர்கூட இந்தக் குடும்பம்தான். தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்வதில் தொடங்கி, கடைசியில் வாளைத் தூக்கிவிட்டது.

இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தவித்த ஒரு காலம் உண்டு. விடை எங்கள் வீட்டு முற்றத்தில் கிடைத்தது. மாமியார் முளைக்கீரைக் கட்டைப் பிரித்து முறத்தில் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தார். பழுத்த இலை ஒருபக்கம், புல் ஒருபக்கம், பூச்சி அரித்தது ஒருபக்கம். ஒவ்வொரு தண்டையும் நகத்தால் கிள்ளிப் பார்த்து, நார் தட்டினால் ஒதுக்கி, இளசை மட்டும் சட்டியில் போட்டார். பெரிய கட்டு, கடைசியில் ஒரு சின்னச் சட்டி. அந்தச் சட்டியில் இருந்ததுதான் எக்ஸ்க்விசிட்.

ஆய்தல் என்ற சொல்லே நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். கீரை ஆய்வதும் அதுதான், ஆராய்ச்சியில் உள்ள ஆய்வும் அதுதான். லத்தீனில் நடந்த அதே நகர்வு தமிழிலும் நடந்திருக்கிறது: ஆய்ந்து எடுத்தது நல்லது, நல்லது என்றால் அழகானது. ஆயிழை என்றால் ஆய்ந்தெடுத்த நகை அணிந்தவள். காமத்துப்பாலின் முதல் குறளில், 1081-ல், வள்ளுவர் 'ஆய்மயில் கொல்லோ' என்கிறார். மயில் கூட்டத்திலிருந்து தெரிந்தெடுத்த மயிலோ என்று அதற்கு உரை சொல்வார்கள். ஆய்மயிலில் உள்ள அந்த ஆய்தான் எக்ஸ்க்விசிட். ஆங்கிலத்தில் அதன் வாலாக வரும் எல்ஒய் செய்கிற வேலையை நமக்கு 'ஆக'வும் 'ஆய்'யும் செய்கின்றன. 'அழகாய்' என்பதில் உள்ள ஆய், ஆகி என்பதிலிருந்து வந்த வேறு ஆய். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆங்கிலத்துக்குள் எக்ஸ்க்விசிட் 15ஆம் நூற்றாண்டில் வந்தபோது இந்த 'ஆய்ந்தெடுத்த' என்ற பொருள்தான் முன்னால் நின்றது. ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் சர் ஆண்ட்ரூ என்ற அசட்டுப் பிரபு, தன்னிடம் எக்ஸ்க்விசிட்டான காரணம் ஒன்றும் இல்லை, ஆனாலும் போதுமான காரணம் இருக்கிறது என்பான். அழகான காரணம் இல்லை என்று சொல்லவில்லை அவன்; யோசித்துத் தேடி எடுத்த நுட்பமான காரணம் இல்லை என்கிறான். 'சொக்க வைக்கிற நேர்த்தி' என்ற இன்றைய பொருள் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தலைதூக்கியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் கழுத்துத் துணியை மணிக்கணக்கில் மடித்துக் கட்டிக்கொண்டு திரிந்த மைனர்களுக்கே 'எக்ஸ்க்விசிட்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

சரி, இப்போது பயன்பாடு. எனக்கென்று நான் வைத்திருக்கிற சோதனை இதுதான்: கிட்டப் போய்ப் பார்த்தால் பொருள் இன்னும் நன்றாக ஆகிறதா? ஆகிறது என்றால் எக்ஸ்க்விசிட்லி போடலாம். தூரத்தில் பார்த்தாலே அசத்துகிறது, கிட்டப் போனால் அவ்வளவுதான் என்றால் அதற்கு வேறு சொல் பாருங்கள்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோர்வைச் சேலை. அரக்கு உடல், பச்சைக் கரை. தறியில் பாவு என்றால் நெடுக்கு இழை, ஊடை என்றால் குறுக்கு இழை. கோர்வையில் உடலுக்கும் கரைக்கும் ஊடை தனித்தனி. ஊடையைக் கொண்டு போகிற நாடா மூன்று ஓடும். நெசவாளர் அண்ணன் இடது கரைக்கும் உடலுக்கும் நாடாவைத் தள்ள, வலது பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அந்தக் கரைக்கான நாடாவைத் தள்ளினார். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினாலும் அந்த இடத்தில் சேலை பிளந்து நிற்கும். அரக்கும் பச்சையும் சந்திக்கிற கோட்டில் கோபுரம் கோபுரமாகப் பல் வரிசை. இரண்டடி தூரத்தில் நின்றால் வெறும் கோடு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கைத் துணியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் நிறம் பிசிறாமல் நின்றது. "அக்கா, மூச்சு விட்டா பாவு நனையும்" என்றார் அண்ணன். அந்தச் சேலைக்கு எழுதினேன்: எக்ஸ்க்விசிட்லி வோவன். அந்த மாதம் அந்தச் சொல்லை எழுதியது அந்த ஒரு தடவைதான்.

பெரிய ஜரிகைப் பூ, கண்ணைப் பறிக்கிற நிறம், மேடையில் கடைசி வரிசைக்கும் தெரிகிற சேலை என்றால் ஸ்ட்ரைக்கிங், ரிச் என்று எழுதுகிறேன். குறைச்சல் ஒன்றும் இல்லை. அது வேறு குணம், அவ்வளவுதான். கோயிலிலும் இதே கணக்கு. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை எக்ஸ்க்விசிட்லி பில்ட் என்று ஒரு கையேட்டில் படித்தேன். இருநூறு அடி உயர விமானத்தை நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறவனிடம் இந்தச் சொல்லை நீட்டலாமா? அங்கே மெஜஸ்டிக் என்றால் போதும். அதே விமானத்தின் அடியில் ஒரு துவாரபாலகரின் விரல் நகத்தைப் பார்த்துச் சொன்னால் பொருந்தும்.

இதுவரை அழகு. ஆனால் இந்தச் சொல்லின் இன்னொரு முகம் எனக்கு அப்பாவால் தெரிந்தது.

அப்பாவுக்கு 71 வயதில் ஒரு நாள் ராத்திரி வலது கால் பெருவிரல் வீங்கிச் சிவந்துவிட்டது. போர்வை பட்டாலே அலறினார். மின்விசிறிக் காற்றைக்கூட நிறுத்தச் சொன்னார். மறுநாள் மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த சீட்டில், பெருவிரல் மூட்டு 'எக்ஸ்க்விசிட்லி டெண்டர்' என்று இருந்தது. நான் ஆங்கில வாத்தியார். இரண்டு தடவை படித்தேன். என்ன இது, மனுஷன் வலியில் துடிக்கிறார், டாக்டர் அவர் கால் விரலை வர்ணித்துக்கொண்டிருக்கிறாரா? அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த டெண்டர் ஒன்றுதான். "எவன் எடுத்தானாம்?" என்றார், அந்த வலியிலும்.

சித்தி மகன் மருத்துவன். ஃபோனில் கேட்டேன். "அக்கா, டெண்டர்னா தொட்டா வலிக்கிறது. எக்ஸ்க்விசிட்லின்னா லேசாத் தொட்டாலே உயிர் போறது. கவுட்ல இப்படித்தான் எழுதுவோம்" என்றான். கவுட் என்கிற இந்த மூட்டு நோயில் யூரிக் அமிலம் ஊசி ஊசியான படிகங்களாக மூட்டுக்குள் படிகிறதாம். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் தனக்கே இருந்த இந்த நோயைப் பற்றி 1683-ல் எழுதியபோதும், போர்வையின் கனத்தைத் தாங்க முடியாததைச் சொல்லியிருக்கிறார். முந்நூறு வருடம் கழித்து எங்கள் வீட்டில் அதே போர்வை.

பிறகு யோசித்தபோது விளங்கியது. இங்கேயும் ஆய்தல்தான். உடம்பெல்லாம் வலிக்கிறது என்கிற மந்தமான வலியை அப்படிச் சொல்வதில்லை. ஒரு புள்ளியில் தேடிப் போய்க் குத்துகிற கூர்மை வேண்டும். பிரெஞ்சு மருத்துவத்தில் ஓரிடத்தில் மட்டும் சுள்ளென்று குத்துகிற வலிக்கு 'துலர் எக்ஸ்கீஸ்' என்றே பெயர். பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்ட கணம், உள்ளங்காலில் முள் ஏறிய இடம், இவையெல்லாம் எக்ஸ்க்விசிட்லி பெயின்ஃபுல். நாள் முழுக்க நின்ற முதுகு வலி அப்படியல்ல.

அழகுக்கும் வலிக்கும் ஒரே சொல் எப்படி என்று இனிக் கேட்க மாட்டீர்கள். இரண்டிலும் நுனி கூர்மையாக இருக்கிறது.

இதே நூலைப் பிடித்துக்கொண்டு விஞ்ஞானிகளும் வருகிறார்கள். 'எக்ஸ்க்விசிட்லி சென்சிடிவ்' அவர்களுக்கு ரொம்பப் பிடித்த தொடர். எனக்குப் பிடித்த உதாரணம் பட்டுப்பூச்சிதான், தொழில் பாசம். பெண் அந்துப்பூச்சி விடுகிற வாசனைப் பொருளை ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புட்டெனாண்ட் 1959-ல் கண்டறிந்து 'பாம்பிகால்' என்று பெயரிட்டார். அதைக் கொஞ்சமே கொஞ்சம் பிரித்தெடுக்க ஏறக்குறைய 5 லட்சம் பூச்சிகள் தேவைப்பட்டன. ஆனால் ஆண் பூச்சியின் உணர்கொம்புக்கு அதில் சில நூறு மூலக்கூறுகள் பட்டால் போதும், சிறகடிக்கத் தொடங்கிவிடும். அந்தக் கொம்பு எக்ஸ்க்விசிட்லி சென்சிடிவ். இங்கே அழகு என்ற பேச்சே இல்லை, நுட்பம் மட்டும். கனடாவின் ராக்கி மலையில் சார்லஸ் வால்காட் 1909-ல் கண்ட பர்கஸ் ஷேல் புதைபடிவங்களையும் எக்ஸ்க்விசிட்லி ப்ரிசர்வ்டு என்று எழுதுவார்கள். 50 கோடி ஆண்டுக்கு முந்திய உயிர்களின் மென்மையான உடல் பாகங்கள்கூட அவற்றில் தெரிகின்றன. ஓடு மட்டும் மிஞ்சிய சாதாரணப் படிவத்துக்கு அந்த மரியாதை கிடையாது.

வாக்கியத்தில் எங்கே உட்கார வைப்பது? இங்கேதான் நம் தமிழ்க் காது காலை வாரும். நாம் 'அழகாகப் பாடினாள்' என்போம். வினைக்கு முன்னால் அடை. அதே பழக்கத்தில் 'ஷி எக்ஸ்க்விசிட்லி சேங்' என்று எழுதினால் படிக்கிறவருக்குக் கல் தட்டும். 'ஷி சேங் எக்ஸ்க்விசிட்லி' என்று பின்னால் வையுங்கள். பாட்டையும் சொல்ல வேண்டும் என்றால் பாட்டைச் சொல்லி முடித்துவிட்டு இதைச் சொல்லுங்கள். வினைக்கும் பாட்டுக்கும் நடுவில் செருகக் கூடாது. ஆனால் இந்தச் சொல் சௌகரியமாக உட்காருவது வினையோடு அல்ல. கார்வ்டு, எம்ப்ராய்டர்டு, டைம்டு போல '-ed' என்று முடிகிற எச்சங்களுக்கு முன்னாலும், சென்சிடிவ், பெயின்ஃபுல், பொலைட் போன்ற பெயரடைகளுக்கு முன்னாலும்தான் இதற்கு நிம்மதி. கிரிக்கெட் வர்ணனையில் 'எக்ஸ்க்விசிட்லி டைம்டு' கேட்டிருப்பீர்கள். பலமே இல்லாமல், மட்டையில் பட்ட சத்தம்கூடச் சரியாகக் கேட்காமல், பந்து எல்லைக் கோட்டைத் தொடுமே, அதற்கு. ஆறுக்குத் தூக்கி அடித்ததற்கு அல்ல.

முன்னால் வெரி போடாதீர்கள். மிகமிக ஆய்ந்தெடுத்ததற்கு மேல் என்ன மிகை? இன்னொன்று, இது கடைப் பலகைகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது: எக்ஸ்க்விசிட்லிக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் சின்னக் கோடு. எல்ஒய் வாலுள்ள சொல்லுக்குப் பின்னால் அந்தக் கோடு வேண்டியதில்லை.

அக்கம்பக்கத்துச் சொற்களோடு குழம்புகிறவர்கள் உண்டு. எலிகன்ட்லி இதற்குக் கிட்டத்துச் சொந்தம். அதுவும் லத்தீனில் 'பொறுக்கி எடு' என்பதிலிருந்து வந்ததுதான், தேர்தலைக் குறிக்கிற எலெக்‌ஷனும் அந்த வழிதான். ஆனால் எலிகன்ட்லியில் அடக்கம் வேண்டும். வேண்டாததை விட்டுவிட்ட அழகு. சந்தன நிறச் சேலையில் ஒரு விரல் அகலக் கரை மட்டும் இருந்தால் எலிகன்ட்லி. நாலே வரியில் ஒரு கணக்கை நிரூபித்தாலும் எலிகன்ட்லிதான். டெலிகேட்லி என்றால் கைபட்டால் உடையும் மென்மை. டெயின்டிலி சின்னதுக்குத்தான், குருவி கொத்துகிற மாதிரி சாப்பிடுகிறவரைச் சொல்லலாம், ஒன்பது கஜத்தைச் சொல்ல முடியாது. நைஸ்லி இருக்கிறதே, அதன் பூர்வீகம் லத்தீனில் 'அறியாதவன்'. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் நைஸ் என்றால் முட்டாள். அங்கிருந்து நல்லவன் ஆனது பெரிய கதை. எந்தச் சேலைக்கும் நைஸ்லி எழுதாதீர்கள், விலை இறங்கிவிடும்.

குத்தலாகவும் இதைச் சொல்லலாம். 'எக்ஸ்க்விசிட்லி பொலைட்' என்று ஒருவரைப் பற்றி எழுதினால் பெரும்பாலும் அது பாராட்டு இல்லை. கோபத்தில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். "வாங்க, உக்காருங்க, காபி எடுத்துக்குறீங்களா?" ஒவ்வொரு சொல்லும் துடைத்து வைத்தது போல. குரல் ஒரு இம்மி உயரவில்லை. காபியும் சூடாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குளிர் விடவில்லை. அந்த மரியாதைதான் அது.

வெளிநாட்டவரிடம் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. ஸ்பானியர்களுக்கு 'எக்ஸ்கிசீத்தோ' என்றால் சாப்பாடு பிரமாதம். அதே வேரிலிருந்து வந்த போர்த்துக்கீசியச் சொல் 'எஸ்கிசீத்து' என்றால் விசித்திரம், ஒரு மாதிரி. பிரேசில்காரர் வீட்டில் விருந்தைப் புகழக் கிளம்புமுன் யோசியுங்கள்.

தமிழில் பெயர்க்கும்போது ஒரே சொல்லைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். வேலைப்பாட்டுக்கு நுணுக்கமாக, நேர்த்தியாக, உணர்கருவிக்கு அதிநுட்பமாக, வலிக்குத் 'தொட்டாலே உயிர் போகும்படி'. அப்பாவின் சீட்டை 'அழகான மென்மை' என்று யாராவது பெயர்த்திருந்தால் அவர் அந்தக் காலாலேயே உதைத்திருப்பார்.

முதலாளியின் மகன் கதைக்கு வருகிறேன். 40 சேலையையும் கடையில் உட்கார்ந்து மறுபடி ஒருமுறை பார்த்தேன். இரண்டுக்குத் தகும் என்று பட்டது: ஒரு கோர்வை, அப்புறம் முந்தியில் நகத்தளவு அன்னம் நெய்த ஒரு மாம்பழ நிறச் சேலை. அன்னத்தின் கண்ணுக்கு ஒரே ஒரு கறுப்பு இழை. அந்த இரண்டில் மட்டும் போட்டு அனுப்பினேன்.

"அப்ப மத்த 38 சேலையும் சுமாரா அக்கா?"

"சுமார்னு எங்கயும் எழுதலையே தம்பி."

சரி என்று வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துக் கடையின் இணையதளத்தைத் திறந்தேன். நாற்பதிலும் எக்ஸ்க்விசிட்லி இருந்தது. அவரே உட்கார்ந்து சேர்த்திருக்கிறார். எது நான் போட்டது, எது அவர் போட்டது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. 38-ல் டி-க்கும் எல்-லுக்கும் நடுவில் இ இல்லை.